அவிழ்வதற்காகச் சுற்றிய கம்பி

பூக்காரம்மா முழம் போட்டுக் கொடுக்கிற பூ கூடச் சாயங்காலம் வரைக்கும் தலையில் இருக்கும். நாங்கள் வாரக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிக் கொடுத்த கம்பியோ கடலுக்குள் கால் மணி நேரத்தில் மொத்தமும் அவிழ்ந்து காணாமல் போய்விடும். அதுதான் எங்கள் தொழில்.

புரியவில்லையா? எங்களுக்கும் முதலில் புரியவில்லை. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து விடுகிற டார்பிடோவுக்குப் பின்னால், வால் மாதிரி ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பியைச் சுருளாகச் சுற்றித் தருவதுதான் எங்கள் வேலை. எண்பதுகளில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் பெங்களூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கடலையே பார்க்காத ஆறு பெண்களும் மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஒரு பிட்டரும் நானும் இதைச் செய்துகொண்டிருந்தோம். ஷிப்ட், ஓ.டி., இன்ஸ்பெக்‌ஷன் என்று எங்கேயாவது மாட்டிக்கொண்டு விழித்த புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, இது உங்களுக்காக.

காஞ்சிபுரத்துக் கை

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எந்த ஊரும்மா?" காஞ்சிபுரம் என்றேன். "அப்போ நூல் சுத்தறது ரத்தத்துலயே இருக்கும், வைண்டிங் செக்‌ஷன்ல உக்காரு" என்று சொல்லிவிட்டார். என் அப்பா பஸ் கண்டக்டர். அவர் வாழ்நாளில் சுற்றியது கழுத்தில் ஒரு மப்ளர்தான், அதுவும் மார்கழியில் மட்டும். எங்கள் வீட்டில் யாரும் தறிப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. இதையெல்லாம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்போது எங்கள் கம்பெனியில் மோட்டார் காயில்தான் சுற்றுவார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் ஒரு முழு பாபின் கம்பியை நான் சிக்கலாக்கிவிட்டேன். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று ஆண்டவனுக்கே தெரியாது. என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். தனக்கு வராத வேலையை அடுத்தவர் செய்யும்போது குறை சொல்கிற உத்தியோகம். அதில் நான் நன்றாகவே பிழைத்தேன். ஆனால் அந்தச் சிக்கலைப் பார்த்து, மண்ணூரிலிருந்து சைக்கிளில் வருகிற எங்கள் பிட்டர் ஏகாம்பரம் சொன்னதை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை: "பட்டுப்பொடவ ஊரும்மா நீ? பரவால்ல வுடு, இத்த வெச்சு பாத்தரம் தேய்க்கலாம்."

அருவாளுக்கு எண்ணெய்

சில வருஷம் கழித்து மோட்டார் காயில் ஆர்டர் நின்றுபோனது. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தாங்களே மெஷின் போட்டுக்கொண்டார்கள். செக்‌ஷனை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயத்தில்தான் டார்பிடோ கம்பி வந்தது. முதலாளி எங்களை நிற்க வைத்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இது ட்ரையல் ஆர்டர். சுருளைச் செஞ்சு கொடுப்போம். கடல்ல விட்டுப் பாப்பாங்க. கம்பி அறாம நின்னா இந்த செக்‌ஷன் நிக்கும். அறுந்தா எனக்கு வேற வழியில்லை, உங்களை எல்லாம் அனுப்பிடணும்."

எங்கள் செக்‌ஷனில் கை சுத்தமானவள் கன்னியம்மா. வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். வெயிலில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் போதும் என்று அடம்பிடித்துக் கம்பெனிக்கு வந்தவள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. 'மருமகள் கம்பி சுத்தப் போறாளாம், கழனிக்கு நான் கூலிக்கு ஆள் தேடணுமாம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளின் அரிவாளைக் கூரை இறவாணத்தில் சொருகி வைத்து, கம்பெனி என்றைக்கு மூடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். முதலாளி பேசி முடித்ததும் கன்னியம்மா என் காதோரம் சொன்னாள்: "எங்க மாமியாரு அந்த அருவாளுக்கு வாராவாரம் எண்ணெ தடவுதுக்கா. என் தலைக்கு ஒரு நாளு தடவுனதில்ல."

கெட்டிக்காரிகள் செய்த தப்பு

எங்கள் வேலையைப் பார்க்க ஒரு கப்பல்படை அதிகாரி வருவார். கமாண்டர் சார் என்போம். தூத்துக்குடிக்காரர். கடல் காற்றில் கறுத்த முகம், கோபம் வந்தால் குரல் இறங்குமே தவிர ஏறாது. முதல் சுருளை அவர் கையில் கொடுத்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வரிமேல் வரியாக, ஒரு நூலிழை இடைவெளி இல்லாமல், தட்டினால் டங்கென்று சத்தம் வருகிற மாதிரி இறுக்கிச் சுற்றியிருந்தோம். மேலே ஒரு கை வார்னிஷ் வேறு.

அவர் சுருளின் நடுத்துளையில் விரலை விட்டு உள்முனையைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் வந்தது. அப்புறம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். பட்டென்று அறுந்தது. எங்களில் ஒருத்தி வாய்விட்டே 'ஐயோ' என்றாள்.

தப்பு எங்களுடையதுதான். ஆனால் அது எங்களைப் போல வருஷக்கணக்கில் மோட்டார் காயில் சுற்றியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மோட்டாருக்குள் கம்பி அசையவே கூடாது. அசைந்தால் எரிந்துபோகும். அதனால் ஜென்மத்துக்கும் அவிழாதபடி சுற்றுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை. இதுவோ அவிழ்வதற்கென்றே பிறந்த சுருள். ஓடுகிற டார்பிடோவிலிருந்து சரசரவென்று வெளியே வர வேண்டும், ஆனால் கூப்பிடாமல் ஒரு சுற்றுகூட தானாக நழுவக் கூடாது. வார்னிஷ் கிடையாது, வரிகளைப் பிடித்து வைக்க மட்டும், தொட்டால் விட்டுவிடுகிற மாதிரி மெல்லிய பசை. நடுவிலிருந்து இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பியில் ஒரு முறுக்கு ஏறும், அதைச் சமாளிக்கச் சுற்றும்போதே எதிர்முறுக்குக் கொடுக்க வேண்டும். கமாண்டர் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முழுக் காலையும் இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அறுந்த சுருளுக்காக ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எழுந்து போகும்போது சொன்னது இதுதான்: "பொண்ணைப் பொத்திப் பொத்தி வளக்கலாம்மா, ஆனா கட்டிக் கொடுக்கிற அன்னைக்கு கையை விட்டிரணும்லா."

சாக்பீஸ் டார்பிடோ

நாங்கள் அந்த டார்பிடோவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்கவும் விட மாட்டார்கள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கமாண்டர் சார் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். வெட்டிச் சாய்த்த பனைமரம் அத்தனை நீளம். மூக்கில் வெடிமருந்து, நடுவில் பேட்டரி, வாலில் விசிறி, அதற்கு முன்னால் எங்கள் சுருள். நீருக்கடியில் கண்ணுக்கு வேலையில்லை, எல்லாம் காதுதான் என்றார். தான் கேட்பதை டார்பிடோ கம்பி வழியாகக் கப்பலுக்குச் சொல்லுமாம். கப்பலில் இருப்பவர் 'இடது பக்கம் போ, கொஞ்சம் ஆழமாகப் போ' என்று அதே கம்பி வழியாகப் பதில் சொல்வாராம். தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை வாலாஜாபாத் வரைக்கும் போகும்.

அவ்வளவு மெல்லிய கம்பியை அவ்வளவு பெரிய சாமான் இழுத்துக்கொண்டு ஓடினால் அறுந்துவிடாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலில் நான் சொக்கிப் போனேன். டார்பிடோவில் ஒரு சுருள், கப்பலில் ஒரு சுருள். அதுவும் அவிழ்த்துக்கொண்டே போகும், இதுவும் அவிழ்த்துக்கொண்டே போகும். நடுவில் உள்ள கம்பியை யாருமே இழுப்பதில்லை. அது பாட்டுக்குத் தண்ணீரில் சும்மா கிடக்கும். யார் மூளையில் இது உதித்ததோ, அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

கன்னியம்மா மட்டும் அந்த சாக்பீஸ் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது போயி பட்டா ஆளுங்க செத்துப் பூடுவாங்களா சார்?" என்று கேட்டாள். முதலாளி இருமினார். இந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்காமல் இத்தனை நாளும் வளைய வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கமாண்டர் சார் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "செத்துருவாங்கம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா விட்ட குண்டைத் திருப்ப முடியாது, இதைத் திருப்பலாம். கம்பி அறாம இருக்கிற வரைக்கும் மனுசன் மனசு மாறலாம், பாத்துக்கிடுங்க."

கரண்ட் கட்

பாதிச் சுருளில் கரண்ட் போவதுதான் எங்களுக்குப் பெரிய எமன். மெஷின் நின்றால் கம்பியின் இழுவிசை தளரும். தளர்ந்தால் அந்த வரி சரியும், அதன் மேல் சுற்றுகிற எதுவும் தேறாது. அறுத்து ஒட்டுப்போடலாமே என்பீர்கள். இந்தக் கம்பியில் ஒட்டு என்பதே கிடையாது. முதலிலிருந்து கடைசி வரை ஒரே கம்பி. வாரக்கணக்கில் செய்த வேலை அப்படியே குப்பைக்குப் போகும்.

ஒரு பகல் வேளையில், சுருள் முடிகிற சமயத்தில், கரண்ட் போனது. கன்னியம்மா பாய்ந்து கம்பியை இரண்டு விரலில் பிடித்து, மெஷின் எந்த அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்ததோ அதே அளவுக்குக் கையைத் தூக்கி நின்றுவிட்டாள். விட்டால் சரியும், இழுத்தால் அறும். மின்விசிறி இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அடுப்பு மாதிரி காய்ந்தது. ஏகாம்பரம் மெஷினைப் பூட்டி வைக்க ஏதாவது கட்டை கிடைக்குமா என்று ஷெட் முழுக்க ஓடினார். முதலாளி ஒரு பைலை எடுத்து அவளுக்கு விசிற ஆரம்பித்தார். நான் அவள் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தேன், ஒரு சொட்டு கம்பியில் விழுந்தாலும் போச்சு. தோள் நடுங்கத் தொடங்கியும், கரண்ட் திரும்பி வருகிற வரைக்கும் அந்த விரல் மட்டும் நடுங்கவில்லை, சுருள் பிழைத்தது. நான் எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு எழுந்து நின்றிருக்கிறேன். மனதார நின்றது அன்றைக்குத்தான். எல்லோரும் ஏதோ கோவில் சன்னதி மாதிரி பயபக்தியுடன் அவளைச் சுற்றி நின்றிருந்தபோது, உதட்டை அசைக்காமல் அவள் சொன்னாள்: "மூக்கு அரிக்கிது, யாராச்சும் சொறிஞ்சு வுடுங்களேன்."

சந்தனமும் குங்குமமும்

இவ்வளவு பத்திரமாக இருந்த நாங்கள்தான் ஆயுத பூஜையில் கோட்டை விட்டோம். வளையல் கழற்றி, தாலியைப் பின்பக்கம் முடிந்து, தலைக்குப் பூ கூட வைக்காமல் மெஷினில் உட்காருகிற கூட்டம். கம்பியில் ஒரு பொட்டு எண்ணெய் படக்கூடாது என்று பவுடர்கூடப் பூச விடாமல் நான் படுத்துவேன். பூஜையன்று என்ன ஆயிற்றோ, எல்லோரும் பட்டுப்புடவையில் வந்து, மெஷின், ஸ்பேனர், தராசு, ஏகாம்பரத்தின் சைக்கிள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அனுப்புவதற்குத் தயாராக இருந்த சுருளை மட்டும் விட்டால் அதற்கு மனசு கஷ்டமாக இருக்காதா? அதற்கும் வைத்தார்கள். நன்றாக ஈரச் சந்தனம், மூன்று பொட்டு. இன்ஸ்பெக்டர் அம்மாளாகிய நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கற்பூரம் காட்டினேன்.

மறுநாள் கமாண்டர் சார் வந்தார். சுருளைப் பார்த்தார். சந்தனம் வரிக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டியாக இருந்தது. அந்தச் சுருள் கடலுக்குப் போகாது என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது. வேறு ஒன்று புதிதாகச் சுற்றியாக வேண்டும். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கமாண்டர் சாரின் குரல் இறங்கியது. "ஏன், எலுமிச்சம்பழத்தை மட்டும் எதுக்கு விட்டீங்க?" என்றார். அவர் கோபமாக இருக்கிறார் என்பது புரியாத ஏகாம்பரம் பணிவாகச் சொன்னார்: "அதுவும் கீது சார். சாமான ஏத்திகினு வண்டி கெளம்பசொல்லோ வீல் கீழ வெச்சுக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

ஏரிக்கரையில் ஓடிய கம்பி

கமாண்டர் சாருக்கு அன்று வந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சிரித்து முடித்ததும் அந்தச் சந்தனச் சுருளுக்கே ஒரு வழி சொன்னார். கெட்டுப்போன மேல்வரிகளை நீக்கிவிட்டு, உள்ளே உள்ளதைத் தரையில் விட்டுப் பார்க்கலாம். கடலுக்குப் போகும் முன்னால் எங்கள் கையின் லட்சணம் எங்களுக்கே தெரிந்துவிடும்.

ஏரிக்கரையில் ஒரு பனைமரத்தில் உள்முனையைக் கட்டி, அங்கே ஏகாம்பரத்தை ஒரு மின்சார மணியோடு உட்கார வைத்தோம். ஜீப்பின் பின்னால் சுருள். அதன் பக்கத்தில் கையில் ஸ்விட்ச்சோடு நான். ஜீப் கிளம்பியது. சுருளின் நடுவிலிருந்து கம்பி புறப்பட்டது பாருங்கள், அதை நான் எப்படிச் சொல்வேன்! ஒரு திக்கல் இல்லை, ஒரு உதறல் இல்லை, பால் கறக்கிற மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஜீப் ஓடுகிறது, பின்னாலேயே மற்ற பெண்கள் ஓடுகிறார்கள், கரைமேல் விழுந்த கம்பி மட்டும் விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடக்கிறது. சாக்பீஸில் பார்த்தது அப்படியே கண்ணெதிரில். நான் ஸ்விட்சை அழுத்த அழுத்த, தூரத்தில் மணி அடிக்கிற சத்தம் தேய்ந்துகொண்டே போய், அப்புறம் மணி அடிக்கிறது என்று ஏகாம்பரம் துண்டை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் தூசி என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது கம்பியைப் பொறுக்கிக்கொண்டே நடந்தோம். ஆடுமாடு காலில் சுற்றிக்கொள்ளக் கூடாதே. ஏரியில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கரையில் இத்தனை பெண்கள் வரிசையாகக் குனிந்து நடப்பதையும் வெயிலில் மின்னுகிற கம்பியையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, ஏரிக்குத் தாலி கட்றீங்களா?"

ஏகாம்பரத்தின் முடி

புதிதாகச் சுற்றிய சுருள்கள் கடலுக்குப் போயின. வெள்ளிக்கிழமை கன்னியம்மா வல்லக்கோட்டை முருகனுக்கு விளக்குப் போட்டாள். ஏகாம்பரத்தையும் இழுத்துக்கொண்டு போனோம். அவருக்கு எண்ணெய் தடவிப் படிய வாரிய சுருட்டை முடி. மெஷின் ஆயிலில் முழங்கை வரை முக்கி எடுத்தாலும் தலைக்கு மட்டும் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வார். சட்டைப்பையில் ஸ்பேனர் இருக்கோ இல்லையோ, சீப்பு இருக்கும்.

சன்னதியில் கன்னியம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். பெண்களெல்லாம் ஆளுக்கொரு வேண்டுதல் வைத்தாகிவிட்டது, நீ மட்டும் சும்மா நிற்கிறாயே என்றாள். மெஷின் உன்னுடையது, கம்பி அறுந்தால் உன் பங்கும் அதில் இருக்கிறது என்றாள். அவர் தேங்காய் உடைப்பதாகச் சொன்னார். போதாது என்றார்கள். பால்குடம் என்றார். அதுவும் போதாது. கடைசியில் கையை உயர்த்திக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் முருகனிடம் கொஞ்சம் இடம் விட்டு வைத்துக்கொண்டு வேண்டினார்: "கம்பி அறுவாம நின்னா மொட்ட போட்டுக்கறேன் முருகா, ஆனா ஒண்ணும் அவசரமில்ல."

ட்ரங்க் கால்

முதலாளி அறையில் போன் அடித்தது. வெளியூரிலிருந்து வருகிற ட்ரங்க் கால் என்றாலே கத்திப் பேசவேண்டும், ஆகவே கதவு சாத்தியிருந்தும் பாதி எங்களுக்குக் கேட்டது. "என்னது? படலையா?... குறி படலையா?... ஹலோ?... ஹலோ?..." பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி வெளியே வந்தார். டார்பிடோ போய்த் தொட வேண்டிய இலக்கைத் தொடவில்லையாம், எங்கேயோ விலகிப் போய்விட்டதாம்.

கன்னியம்மா எழுந்துபோய் தன் பெட்டியைத் திறந்து, சீப்பு, கண்ணாடி, பழைய துண்டு எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை போலிருந்திருக்கும். மெஷினை ஒருமுறை துடைத்தாள். 'வூட்ல சொல்லாதீங்க, நானே சொல்லிக்கறேன்' என்று மட்டும் எங்களிடம் கேட்டுக்கொண்டாள். அடுத்த சில நாளும் வந்து, சுற்றுவதற்குக் கம்பி இல்லாத மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனாள். கம்பி அறுந்ததா என்று கேட்டீர்களா சார் என்று முதலாளியை நான்தான் துளைத்தேன். அவர் பாவம், கையை விரித்தார். ஏகாம்பரம் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நம்ம கம்பி அறுந்துச்சான்னு கேக்கறதுக்குள்ள போன் கம்பி அறுந்துக்குச்சு."

தோணி

கமாண்டர் சாரின் ஜீப் வந்து நின்றபோது நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. மரியாதைக் குறைவில்லை, மூடுகிற சேதியோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டோம். அவர் உள்ளே வந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன இது, எழவு வீடு மாதிரி இருக்கு?" என்றார். முதலாளி, குறி படவில்லை என்று போனில் சொன்னார்களே என்றார்.

"படலை. நாங்கதான் பட விடலை" என்றார் கமாண்டர் சார். முன்போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பயிற்சி டார்பிடோவில் மருந்து இருக்காது. ஆனாலும் அது ஒரு ஜீப் எடை இருக்கும், ஓடுகிற வேகத்தில் மோதினால் எதுவும் மிஞ்சாது. அன்று ஆழம் குறைவாக வைத்து விட்டிருந்தார்கள். சுற்றிலும் படகுகளை விலக்கி வைத்திருந்தார்கள். பாதித் தூரம் போன பிறகு, எங்கிருந்தோ ஒரு சின்னத் தோணி நேர் குறுக்கே வந்துவிட்டது. நீர்மூழ்கியில் உட்கார்ந்திருந்தவர் திருப்பு என்று கம்பியில் சொன்னார். திரும்பியது. இன்னும் திருப்பு என்றார். இன்னும் திரும்பியது. அதற்குப் பிறகும், ஓட்டம் முடிகிற வரைக்கும், சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே போய்த் தூரத்தில் மிதந்து நின்றது. கடைசிச் சுற்று வரைக்கும் கம்பி அறவில்லை.

ஏகாம்பரத்தின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. கன்னியம்மாதான் கேட்டாள். "அந்தத் தோணில எத்தினி பேரு சார்?" அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றார் அவர். "அவங்களுக்குத் தெரியுமா?" தெரியாது, வலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைத்துக்கொள்ளவில்லை, தாராளமாக அழுதேன். கடலே பார்க்காத ஆறு பெண்கள் சுற்றிய நூலைப் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத இரண்டு பேர் மீனோடு கரைக்குப் போயிருக்கிறார்கள் என்றால் அழாமல் என்ன செய்வது?

முதலாளி தயங்கித் தயங்கி, அப்படியென்றால் ஆர்டர் என்றார். "சுத்திக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. அடுத்த தடவை இலக்கையும் தொடணும்லா" என்றார் கமாண்டர் சார். கன்னியம்மா சாப்பாட்டுப் பையிலிருந்து சீப்பையும் கண்ணாடியையும் துண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். வளையலைக் கழற்றினாள். மெஷினில் உட்கார்ந்து, புதுக் கம்பியின் முனையை விரலில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னிக்கு வூட்டுக்குப் போயி சொல்லப் போறேங்க்கா, அந்த அருவாளு துரு புடிச்சாப் புடிக்கட்டும்னு."

எங்கள் தொழிலில் கடலுக்குப் போன கம்பி ஒரு முழம்கூடத் திரும்பி வந்தது கிடையாது. போய்விட்டுத் திரும்பி வந்தது என்று சொன்னால், வல்லக்கோட்டையில் இறக்கி வைத்த ஏகாம்பரத்தின் முடி மட்டும்தான்.